தோலைத் தின்றால் தோல் வளருமா?

கொலாஜன் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் 'பசையைப் பிறப்பிப்பது' என்று பொருள். மாட்டின் தோலையும் எலும்பையும் நெடுநேரம் நீரில் கொதிக்க வைத்தால் கிடைக்கும் பசையைக் கொண்டு தச்சர்கள் மரத்தை ஒட்டினார்கள். வச்சிரம் என்று நம் பக்கத்தில் அதற்குப் பெயர். அந்தப் பசைக்கு மூலமாகத் தோலுக்குள் இருக்கும் புரதமே கொலாஜன். தச்சுப்பட்டறையின் மூலையில் நாற்றத்தோடு காய்ந்துகொண்டிருந்த அந்தப் பொருள், இன்று மணமூட்டப்பட்ட வெண்தூளாக மருந்துக்கடைகளின் கண்ணாடி அலமாரிக்கு ஏறியிருக்கிறது. சருமத்துக்கு, மூட்டுக்கு, கூந்தலுக்கு, நகத்துக்கு என்று அதற்குப் பல வேலைகள் சொல்லப்படுகின்றன.

இலக்கியம் பேசுகிற இடத்தில் ஊட்டப்பொருளைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. இந்தப் பொருளின் உள்ளமைப்பை உலகுக்குச் சொன்ன ஊர் சென்னை என்பது ஒன்று. இந்த வணிகம் பெரும்பாலும் சொற்களின்மேல் நிற்கிறது என்பது மற்றொன்று. சொற்களைக் கவனிப்பது நம் பழக்கம்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலாஜன் தூள் விஷம் அல்ல. முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அது விற்கப்படுவது ஒரு தவறான உருவகத்தின் பலத்தில். உடலை விரிசல் விட்ட பாண்டமாகவும், கொலாஜனை அந்த விரிசலை அடைக்கும் பசையாகவும் நம்மை எண்ணவைக்கிறது அந்த உருவகம். உடல் அப்படி வேலை செய்வதில்லை. அது வெளியிலிருந்து வந்ததை எடுத்து ஒட்டுவதில்லை, தானே நெய்துகொள்கிறது.

நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக்குழாயின் சுவர் என்று உடலுக்கு வடிவம் தருகிற எல்லா இடத்திலும் அது இருக்கிறது. அதில் 28 வகைகள் இதுவரை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இவ்வளவு எங்கும் நிறைந்த ஒரு பொருளின் அமைப்பு 1950களின் தொடக்கம்வரை புதிராகவே இருந்தது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி.என். ராமச்சந்திரன் அப்போது முப்பது வயது இளைஞர். சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் அவிழவில்லை என்று பேச்சினிடையே சொன்னதை ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். அடையாற்றிலிருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் ஆய்வுக்குக் கிடைத்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த முப்புரி என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று அடுத்த ஆண்டே தங்கள் மாதிரியைச் செம்மைப்படுத்தினார்கள். இழைகளுக்கு இடையேயான பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றிக் கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மாறுபட்டார்கள். விவாதம் நீண்டது, ஆனால் முப்புரி என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் இன்றும் அந்த முப்புரியின் ஆங்கிலப் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த நெசவு எப்படி நடக்கிறது என்பது நம் கேள்விக்கு முக்கியமானது. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். முறுக்கின் உட்புறத்தில் அதைவிடப் பெரிதான எதற்கும் இடமில்லை. புரோலின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தை, இழையில் கோத்த பிறகு, செல் தன் கூடத்துக்குள்ளேயே வேதிமாற்றம் செய்கிறது. அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் உடலின் சூட்டில் முறுக்கு நிலைக்காது, அவிழ்ந்துவிடும்.

அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டின் கப்பல் குறிப்புகளைப் படிக்க வேண்டும். ஜார்ஜ் ஆன்சன் 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய பயணத்தில் மாலுமிகளை ஸ்கர்வி நோய் வாரிக்கொண்டு போனது. அந்தப் பயணத்தின் வரலாற்றில் ஒரு கிழவனைப் பற்றிய செய்தி வருகிறது. 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்ட காயம், ஐம்பது ஆண்டுகள் ஆறிக் கிடந்த பிறகு, கப்பலில் மறுபடியும் வாய் பிளந்ததாம். தழும்பு என்பதை நாம் முடிந்துபோன கதையாக நினைக்கிறோம். உண்மையில் அது உடல் ஓயாமல் நெய்து நெய்து மூடி வைத்திருக்கும் ஒன்று. நூல் இருந்தும் தறி நின்றுபோனதால் அந்தக் கிழவனின் காயம் திறந்துகொண்டது. அவனுக்கு வேண்டியிருந்தது கொலாஜன் அல்ல, எலுமிச்சை. ஒரு நெல்லிக்காய் போதியிருக்கும் என்று சொன்னால் அது மிகை; சில நாள் நெல்லிக்காய் போதியிருக்கும்.

இனி, வாயில் போட்ட கொலாஜன் எங்கே போகிறது என்று பார்க்கலாம். முப்புரி அப்படியே குடலைக் கடந்து இரத்தத்தில் சேர முடியாது. ஆகவே ஆலைகளில் அதை முன்கூட்டியே துண்டு துண்டாக அறுத்துத் தூளாக்குகிறார்கள். அந்தத் துண்டுகளும் பெரும்பாலும் வயிற்றிலும் குடலிலும் தனித்தனி அமினோ அமிலங்களாகப் பிரிகின்றன. பருப்பிலிருந்து வந்த கிளைசினுக்கும் மாட்டுத்தோலிலிருந்து வந்த கிளைசினுக்கும் உடல் வேறுபாடு பார்ப்பதில்லை. அது கன்னத்துக்குப் போகுமா, கல்லீரலுக்குப் போகுமா என்பதை டப்பாவின் மேலிருக்கும் படம் தீர்மானிப்பதில்லை.

'முடியைத் தின்றால் வழுக்கையில் முடி வளருமா' என்று கேலி செய்வோர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது முழு நியாயம் அல்ல. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகள் சில, பிரியாமலே இரத்தத்தை அடைகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். அத்தகைய துண்டுகள் தோலின் செல்களைத் தூண்டக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உண்டு. ஆகவே 'ஏதோ நடக்கலாம்' என்று சொல்வது அறிவியலுக்கு விரோதமானது அல்ல. ஆனால் 'நடக்கலாம்' என்பதற்கும் 'நடக்கிறது' என்பதற்கும் இடையே ஒரு நீண்ட தெரு இருக்கிறது. விளம்பரம் அதை ஒரே தாண்டலில் கடந்துவிடுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டின் ஆய்வு, தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடுவதாகக் கண்டது. 23 சோதனைகளைத் தொகுத்த 2025-ஆம் ஆண்டின் ஆய்வும் மொத்தமாகப் பார்க்கும்போது அதே முடிவுக்கு வந்தது. பிறகு அது ஒரு கேள்வியைக் கேட்டது: பணம் யார் கொடுத்தது? தொழில்துறையின் நிதி பெற்ற சோதனைகளில் பலன் தெரிந்தது. நிதி பெறாத சோதனைகளில் பலன் எதுவும் தெரியவில்லை. தரம் மிகுந்த சோதனைகளை மட்டும் தனியே எடுத்தாலும் பலன் மறைந்துவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கொலாஜன் மூட்டுக்கு நல்லது என்ற கோரிக்கையை 2011-லும், தோலின் நெகிழ்வைக் கூட்டும் என்ற கோரிக்கையை 2013-லும் பரிசீலித்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது. முழங்கால் தேய்மானத்தில் வலி ஓரளவு குறைவதாகச் சில சோதனைகள் சொல்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வலி குறைவது ஒன்று, தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வது வேறொன்று. முதலாவதற்குப் பலவீனமான சான்று இருக்கிறது. விற்கப்படுவது இரண்டாவது.

அந்த இரண்டாவது ஏன் நம்பத்தகாதது என்பதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு: அணுகுண்டு. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த குண்டுகளால் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரட்டிப்பானது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்துவந்தது. அந்தக் காற்றை உண்ட பயிர்கள், பயிர்களை உண்ட மனிதர்கள் என்று எல்லா உடலிலும் அந்தக் கார்பன் தேதி முத்திரைபோல் பதிந்திருக்கிறது. இதை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் மனிதத் திசுக்களின் வயதைக் கணித்தார்கள். குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநாணின் மையம் முதல் 17 ஆண்டுகளுக்குள் உருவாகி, அதன்பின் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று 2013-ல் தெரிந்தது. முழங்காலின் குருத்தெலும்பிலுள்ள கொலாஜனும் அப்படித்தான், தேய்மான நோய் உள்ளவர்களிடம்கூட அது புதுப்பிக்கப்படுவதில்லை என்று 2016-ல் தெரிந்தது. தழும்பில் ஓயாத தறி, குருத்தெலும்பில் பதின்பருவத்தோடு வேலையை முடித்துக்கொள்கிறது. அறுபது வயதில் நாம் ஊன்றி நடப்பது பள்ளிக்கூட நாட்களில் நெய்த துணியின்மேல். அந்தத் தறி நின்று நாற்பது ஆண்டுகளான பிறகு வாசலில் நூல் மூட்டையை இறக்கி வைப்பதால் துணி வளராது.

இந்த நம்பிக்கை புதியது அல்ல என்பதுதான் என்னை எழுத வைத்தது. 1681-ல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை மெதுவாக்கும் ஆவிக்கலத்தைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை அது. எலும்பிலிருந்து ஊன்பசையை, அதாவது ஜெலட்டினை, எடுத்து ஏழைகளின் பசி தீர்க்கலாம் என்ற கனவு அங்கிருந்து வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸில் ழான் பியேர் தார்சே என்ற வேதியியலாளர் அதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தினார். மருத்துவமனை நோயாளிகளுக்கும் வறியவர்களுக்கும் எலும்புக் கரைசல் ஊற்றப்பட்டது. நல்லெண்ணத்தில் குறையில்லை. இறைச்சியிலிருந்து வந்தது, ஆகவே இறைச்சிக்குச் சமம் என்ற தர்க்கம். புகார்கள் எழுந்தபோது அறிவியல் கழகம் பிரான்சுவா மஜாந்தியின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஊன்பசையை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்தன. அது உணவாகாது என்று 1841-ல் குழு அறிக்கை தந்தது. காரணம் அப்போது புரியவில்லை. 1901-ல் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் பிரித்தெடுக்கப்பட்ட பிறகே விளங்கியது. மனித உடலால் தானே செய்துகொள்ள முடியாத அந்த அமினோ அமிலம் கொலாஜனில் அறவே இல்லை. புரதத்தின் தரத்தை அளக்கும் கணக்கில் தனித்த கொலாஜனுக்கு இன்றும் பூஜ்யம்தான்.

பாரீஸ் மறந்துபோயிற்று. 1976-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் எழுதிய உணவுமுறை நூல் பெரும் விற்பனை கண்டது. வேறு எதையும் உண்ணாமல், தோலும் தசைநாணும் கரைத்த சுவையூட்டிய திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடையைக் குறைக்கலாம் என்றது அது. பலர் குடித்தார்கள், எடையும் குறைந்தது. 1977-லும் 1978-லும் ஏறத்தாழ அறுபது மரணங்களை அமெரிக்க அரசின் சுகாதார அமைப்புகள் ஆராய வேண்டி வந்தது. பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிருந்தது. இன்று ஒரு தேக்கரண்டி தூளைப் பாலில் கலந்து குடிப்பவரை இந்த மரணங்களோடு ஒப்பிடுவது அநியாயம். அவர் சோறும் தின்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே உருவகம்தான் வேலை செய்திருக்கிறது: உடலிலிருந்து வந்தது உடலாகும் என்ற உருவகம். ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுத்தவர்கள், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வெட்கமோ அச்சமோ கொண்டிருந்தவர்கள்.

நம் வீடுகளிலும் இதே உருவகம் ஆட்டுக்கால் சூப்பாக இருக்கிறது. கால் வலிக்குக் கால் என்று வைத்தியம் சொல்லாத பாட்டி கிடையாது. நான் அதைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. மிளகும் சூடும் உப்பும் தொண்டைக்கு இதமளிக்கும். முழங்காலுக்கு அது எதையும் கொண்டு சேர்ப்பதில்லை. ஆனால் சூப்பு ஒரு வேளைக்கு உணவாகிறது, எல்லோரும் பகிர்ந்து குடிக்கிறார்கள். அது மாதச் சந்தாவாக வந்து வாசற்கதவைத் தட்டுவதில்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். டப்பாக்களில் 'மரைன்' என்றும் 'போவைன்' என்றும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் சொன்னால் முதலாவது மீனின் தோலும் செதிலும். இரண்டாவது பெரும்பாலும் மாட்டுத்தோல். லத்தீன் வேர்கள் இந்த இடத்தில் விளக்குவதற்காக வரவில்லை, மறைப்பதற்காக வந்திருக்கின்றன. மாட்டுக்கறி சமைப்பவருக்கு வாடகைக்கு வீடு தராத தெருக்களில் அந்தத் தூள் பாலில் கரைகிறது. தோலைத் தொட்டுப் பதப்படுத்திய கைகளை இந்தச் சமூகம் எவ்வளவு காலம் தீட்டென்று தள்ளி வைத்தது என்பது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் தெரியும். அதே தோல் கரைந்து, வெளுத்து, மணம் ஏறி, பெயர் மாறி வந்தால் அழகு. மாட்டுத்தோலைத் தின்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. பெயரை மாற்றினால்தான் தின்ன முடியும் என்ற நிலையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பச்சைப் புள்ளியோடு 'தாவரக் கொலாஜன்' என்று விற்பது இன்னும் ஒரு படி மேல். தாவரங்கள் கொலாஜனை உருவாக்குவதில்லை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் வைட்டமின் சி-யும் சில சாறுகளும்தான்.

அடுத்து, வினைச்சொற்கள். 'குணப்படுத்துகிறது' என்று எந்த டப்பாவும் சொல்லாது, சட்டம் விடாது. 'துணைபுரிகிறது', 'பேண உதவுகிறது', 'ஊக்குவிக்கிறது' என்று சொல்லும். நம் நாட்டு விதிப்படி இத்தகைய பொருளின் உறையில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற பொருள்படும் வாசகம் இருந்தாக வேண்டும். இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால். பெரிய எழுத்தில் முழங்காலின் படம், சின்ன எழுத்தில் அந்தப் படத்தின் மறுப்பு. ஒரே உறையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வாக்கியங்களை அச்சிட்டு, நாம் எதைப் படிப்போம் என்பதையும் சரியாகக் கணித்து வைத்திருக்கிறார்கள்.

யாரிடம் இது விற்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பின்வரும் முதல் சில ஆண்டுகளில் தோலின் கொலாஜன் வேகமாகக் குறைகிறது. இது உண்மை. அந்த வயதுப் பெண்ணிடம், உன் முகத்தில் தெரிவது ஒரு பற்றாக்குறை, அதற்கு மருந்து இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. வயது என்பது நோயாக்கப்படுகிறது. 'அவர்களுக்குத் திருப்தி கிடைக்கிறதே, உமக்கென்ன நஷ்டம்' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு மாத டப்பாவின் விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பெண்கள் இன்னும் இருக்கிற நாடு இது. அவர்களுக்குக் குறைவது கொலாஜன் அல்ல, புரதம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது, டிரிப்டோபானும் சேர்த்து. முட்டை தின்னாதவருக்குப் பருப்பும் சோறும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கொண்டைக்கடலை, தயிர், கீரை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை தறிக்கு வேண்டிய நூலையும் தறியோட்டத்தையும் சேர்த்தே தருகின்றன. இருக்கிற கொலாஜனை அழிப்பவற்றில் முதன்மையானவை உச்சிவெயிலும் புகையும். அவற்றிலிருந்து விலகச் செலவில்லை. ஒரு குடை போதும். வலிக்கிற முழங்காலுக்கு, தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளுக்கு இருக்கிற சான்று எந்தத் தூளுக்கும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் அந்தத் தூளை வாங்கினால் அவரை நான் கேலி செய்ய மாட்டேன். வலி இருப்பவரிடம் தர்க்கம் பேசுவது சுலபம். ஆனால் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இது எந்த விலங்கின் எந்தப் பகுதி? இதில் சொல்லப்படும் வினைச்சொல் என்ன? அதைச் சோதித்தவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? ஒரு சிறுகதையைப் படிக்கும்போது கதைசொல்லி யார், அவன் எதை மறைக்கிறான் என்று கேட்டுப் பழகிய நமக்கு இவை புதிய கேள்விகள் அல்ல.

ராமச்சந்திரனும் கர்த்தாவும் குறைந்த வசதிகளோடு, ஒரு கங்காருவின் வாலிலிருந்து, உயிர் தன்னைத்தானே எப்படி முறுக்கி நெய்துகொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த அறிவு நம் ஊரில் பிறந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று நூலைக் கையில் கொடுத்து அந்த முப்புரியைச் செய்துகாட்ட அரைமணி நேரம் போதும். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டட்டும்.